டீன் வயதுப் பிள்ளைகளோடு ஸ்பிரிங் பிரேக்: வெயிலும் வேண்டும், செலவும் அடங்க வேண்டும்

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகனுக்கு 16, மகளுக்கு 13. ஈஸ்டருக்கு அடுத்த வாரம் பள்ளி விடுமுறை. குளிர் போதும் போதும் என்றாகிவிட்டது. வெயில் அடிக்கிற, கடலில் இறங்கக்கூடிய இடமாக வேண்டும். நாலு பேருக்கும் சேர்த்து 4000 டாலருக்குள் முடிய வேண்டும். டிஸ்னி என்றாலே மகன் முகத்தைத் திருப்புகிறான். கணவருக்கு எச்-1பி வேலை விசா; பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்ப் காலாவதியாகிவிட்டது. நான் சைவம். கான்கூன், மயாமி, சான் டியேகோ என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்:

நீங்கள் சொன்ன மூன்றுமே வேண்டாம். உங்கள் நிலைமைக்குப் பொருந்துவது கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோ, அதிலும் அதன் தலைநகர் சான் ஹுவான். ஏன் என்று சொல்கிறேன். அப்புறம் அது கைகூடாவிட்டால் என்ன செய்யலாம் என்பதையும் சொல்கிறேன்.

"வெப்பமான இடம்" என்று தேடும்போது எல்லோரும் பார்ப்பது காற்றின் வெப்பநிலையை. டீன் வயதுப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குக் கடல் நீரின் வெப்பநிலைதான் கணக்கு. சான் டியேகோவில் ஏப்ரல் மாதம் வெயில் இதமாக இருக்கும், படங்களும் அழகாக வரும். ஆனால் பசிபிக் தண்ணீர் 15, 16 டிகிரி செல்சியஸ்தான். அலைச்சறுக்கு ஆடுகிறவர்கள் உடம்பு முழுக்க ரப்பர் உடை போட்டுக்கொண்டுதான் இறங்குவார்கள். உங்கள் பிள்ளைகள் கணுக்கால் நனைத்துவிட்டு, பத்தே நிமிடத்தில் போனைக் கையில் எடுத்துக்கொண்டு அறைக்குத் திரும்பிவிடுவார்கள். காரிலேயே போய்விடலாம் என்று பலர் நினைக்கிற தென் கரோலினாவின் மிர்டில் பீச் கதையும் இதுதான்: ஏப்ரல் தொடக்கத்தில் அங்கே கடல் இன்னும் குளிர்காலத்தை மறந்திருக்காது. ஃப்ளோரிடாவின் வடமேற்குக் கரையில் டெஸ்டின், பனாமா சிட்டி பீச் பக்கமும் தண்ணீர் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். மயாமிப் பக்கம் போனால் 24, 25. சான் ஹுவானில் 26, 27. வெளியே பகலில் 29 டிகிரி. இந்தத் தண்ணீரில் இறங்கினால் பிள்ளைகளை வெளியே கூப்பிடத்தான் நீங்கள் தொண்டை வற்றக் கத்த வேண்டியிருக்கும்.

மெக்சிகோவின் கான்கூனிலும் தண்ணீர் சூடுதான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் வீட்டில் முதலில் விசா விஷயம் இடிக்கிறது. அமெரிக்காவை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே வர ஸ்டாம்ப் கேட்பார்கள். மெக்சிகோவுக்கு 30 நாளுக்குள் போய்த் திரும்புகிறவர்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு என்று யாராவது சொல்வார்கள், உண்மைதான். ஆனால் தனி விசா எடுக்காத இந்தியப் பாஸ்போர்ட்காரரை மெக்சிகோ உள்ளே விடுவதே, அமெரிக்கா, கனடா, பிரிட்டன் போன்ற சில நாடுகளின் செல்லுபடியாகும் விசாவையோ, கிரீன் கார்டு போன்ற நிரந்தர வசிப்பு அட்டையையோ காட்டினால்தான். உங்கள் கணவரிடம் இரண்டும் இல்லை. ஒரு வார விடுமுறைக்காக இந்தத் தலைவலி எதற்கு? பிள்ளைகள் இங்கே பிறந்தவர்களாக இருந்து பாஸ்போர்ட் எடுக்காமல் இருந்தால் அந்தச் செலவு வேறு: 16 வயதுக்குக் கீழே 135 டாலர், 16 ஆகிவிட்டால் பெரியவர்கள் கணக்கில் 165.

இன்னொன்று. "எல்லாம் அடக்கம்" என்கிற ரிசார்ட்டுகளில் குழந்தைகளுக்கான சலுகை பெரும்பாலும் 12 வயதோடு முடிந்துவிடும். அதற்கு மேலே டீன் கட்டணம், அல்லது முழுக் கட்டணம். விளம்பரத்தில் பார்த்த விலைக்கும் கடைசியில் கட்டுகிற விலைக்கும் இருக்கிற இடைவெளி பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும். இன்னும் ஒன்று, ஏப்ரலில் இருந்து கரீபியன் பக்கக் கடற்கரைகளில் சர்கசம் என்கிற பழுப்புக் கடற்பாசி ஒதுங்கத் தொடங்கும். கான்கூன், துலும் கரைகளில் அது குவிந்து அழுகினால் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

மயாமி பீச்சைப் பொறுத்தவரை, கல்லூரிக் கூட்டத்தின் தொல்லை தாங்காமல் அந்த நகராட்சியே ஸ்பிரிங் பிரேக்கை விரட்டப் பார்க்கிறது. 2024 மார்ச்சில் கூட்டம் மிகுந்த வார இறுதிகளில் பார்க்கிங்குக்கு 100 டாலர் வாங்கினார்கள், ஊரடங்கும் போட்டார்கள். நீங்கள் போகிற ஏப்ரலில் அந்த ஆர்ப்பாட்டம் ஓய்ந்திருக்கும். ஆனால் அறை வாடகைக்கு மேலே ரிசார்ட் கட்டணம், அதற்கு மேலே பார்க்கிங் என்று சேர்ந்துகொண்டே போகும்.

சரி, புவேர்ட்டோ ரிக்கோவுக்கு வருவோம். அது அமெரிக்க ஆட்சிப்பகுதி. டாலர்தான் நாணயம். அமெரிக்க டிரைவிங் லைசென்ஸ் செல்லும். பெரும்பாலான போன் பிளான்கள் உள்ளூர் போலவே வேலை செய்யும், பிள்ளைகளுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கே தெரியும். நெவார்க்கிலிருந்து நேர் விமானத்தில் சுமார் நாலு மணி நேரம். ஏப்ரலில் கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டாம், நியூ ஜெர்சி நேரமும் அங்கே உள்ள நேரமும் ஒன்றே. உள்நாட்டு விமானம் என்பதால் ஸ்டாம்ப் பிரச்சினை எழாது. ஆனாலும் உங்கள் கணவர் பாஸ்போர்ட், நாட்டுக்குள் வந்த பதிவான ஐ-94 நகல், எச்-1பி அனுமதிக் கடிதமான ஐ-797 மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளட்டும். ஊர் எதுவானாலும் இப்போது அதுதான் புத்திசாலித்தனம். விமானம் ஏற, 18 வயது ஆனவர்களிடம் ரியல் ஐடி என்கிற தரத்தில் உள்ள லைசென்ஸோ அடையாள அட்டையோ கேட்கிறார்கள். அது இல்லாவிட்டால் இந்தியப் பாஸ்போர்ட்டே போதும்.

தங்கும் இடத்தில்தான் டீன் வயதுக் குடும்பங்களின் பணம் போகிறது. இரண்டு பெரிய கட்டில் உள்ள ஓட்டல் அறை, பிள்ளைகளுக்கு எட்டும் ஐந்துமாக இருந்தபோது சரி. 16 வயதுப் பையனும் 13 வயதுப் பெண்ணும் ஒரே கட்டிலில் படுக்க மாட்டார்கள், படுக்கவும் வேண்டாம். இரண்டு ஓட்டல் அறை எடுத்தால் பட்ஜெட் அங்கேயே காலி. அதனால் சமையலறையோடு இரண்டு படுக்கையறை உள்ள அபார்ட்மென்ட்டைப் பாருங்கள். கொண்டாடோ பகுதி விலை கூடியது. ஓஷன் பார்க், லோய்சா தெரு, இஸ்லா வெர்தே பக்கம் தேடினால் கடற்கரைக்கு நடந்தே போகலாம், ஐஸ்கிரீம் கடையும் பேக்கரியும் நடக்கிற தூரத்தில் இருக்கும். நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த வயதில் பிள்ளைகளுக்கு விடுமுறை என்பது, அப்பா அம்மா கூட வராமல் ஒரு மணி நேரம் தாங்களாக எங்கேயாவது போய்வருவது. காரில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிட வேண்டிய ஊரில் அது நடக்காது. டிஸ்னி இருக்கிற ஒர்லாண்டோ எனக்குப் பிடிக்காததற்கு, ஒருவருக்கு 150 டாலரைத் தாண்டுகிற ஒரு நாள் டிக்கெட்டை விட இதுதான் பெரிய காரணம்.

வாடகைக்கு எடுக்கும் முன் வீட்டுக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஜெனரேட்டர் இருக்கிறதா, தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா. அந்தத் தீவின் மின் கட்டமைப்பு 2017-ல் மரியா புயல் அடித்ததிலிருந்து இன்னும் முழுதாகத் தேறவில்லை. 2025 ஏப்ரல் 16 அன்று, ஈஸ்டருக்கு முந்தின புதன்கிழமை, தீவு முழுக்க இருண்டது. நமக்கு மின்வெட்டு புதிதில்லை. ஏசி இல்லாத அறையில் இரவு முழுக்கப் புழுங்குகிற நியூ ஜெர்சிப் பிள்ளைகளுக்குப் புதிது. வரி விஷயமும் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்: அறைக்கு இடத்தைப் பொறுத்து 7 முதல் 11 சதவீதம், கடைகளில் விற்பனை வரி 11.5 சதவீதம்.

முதல் மூன்று நாள் கார் வேண்டாம். ஊபர் கிடைக்கும். பழைய சான் ஹுவானில் பார்க்கிங் தேடுவது நரகம். அங்கே எல் மொரோ, சான் கிறிஸ்தோபால் என்று இரண்டு ஸ்பானியக் கோட்டைகள். எல் மொரோவைக் கட்டத் தொடங்கியது 1539-ல். இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் 10 டாலர். 15 வயது வரை இலவசம். ஆக உங்களுக்கு 30 டாலர், மகளுக்கு ஒன்றும் கிடையாது. "கோட்டையா, போரடிக்கும்" என்று மகன் சொல்வான். சான் கிறிஸ்தோபாலின் சுரங்கப் பாதைகளில் முதலில் கூட்டிப்போங்கள். எல் மொரோவைப் பிற்பகலுக்கு வையுங்கள். கோட்டைக்கு முன்னால் பெரிய புல்வெளி, கடலிலிருந்து ஓயாமல் காற்று. உள்ளூர்க் குடும்பங்கள் அங்கே பட்டம் விடுவார்கள், தெருவோரத்திலேயே பட்டம் விற்கும். நூலைக் கையில் கொடுத்தால் ஓட வேண்டிய அவசியமே இல்லை, நின்ற இடத்திலேயே ஏறிவிடும். பக்கத்துப் பட்டத்தின் நூலில் மாட்டிக்கொண்டு இரண்டு குடும்பமும் சிரித்துக்கொண்டே சிக்கெடுக்கிற காட்சி அங்கே சாதாரணம். இதற்கு டிக்கெட் கிடையாது. மதில் மேலே வெயில் காயும் பெரிய பச்சை இகுவானா ஓணான்களை மகள் படம் எடுத்து முடிக்கவே அரை மணி நேரம் ஆகும்.

கடலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தீவின் வடகரையில், குறிப்பாகக் கொண்டாடோவிலும் ஓஷன் பார்க்கிலும், உள்ளிழுக்கும் நீரோட்டம் உண்டு, ஆட்கள் இறந்திருக்கிறார்கள். 16 வயதுப் பையன் நன்றாக நீந்துவான் என்பதே அங்கே ஆபத்து, ஏனென்றால் அவன் தைரியமாக உள்ளே போவான். குளிப்பதற்கு எஸ்காம்ப்ரோன் கடற்கரைக்குப் போங்கள்: பழைய நகரத்துக்குப் பக்கம், முன்னால் பாறைத் திட்டு அலையை உடைத்துவிடும், முகமூடி போட்டுக்கொண்டு குனிந்தாலே மீன் தெரியும். முகமூடியை நியூ ஜெர்சியிலேயே வாங்கி எடுத்துப்போங்கள், அங்கே வாடகைக்கு எடுப்பதை விட மலிவு. "பால்னியாரியோ" என்று பலகை வைத்த இடங்கள் அரசு நடத்தும் கடற்கரைகள். உயிர்காப்பாளர், கழிப்பறை, குளிக்கும் குழாய் எல்லாம் அங்கேதான் எதிர்பார்க்கலாம். சிவப்புக் கொடி பறந்தால் அன்றைக்குக் கடல் இல்லை, பேச்சுக்கே இடமில்லை.

நாலாம் நாள் கார் எடுத்துக் கிழக்கே போங்கள். சாலையில் ஒரு வேடிக்கை இருக்கிறது: தூரப் பலகைகள் கிலோமீட்டரில், வேக வரம்பு மைலில், பெட்ரோல் லிட்டரில். மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். முதலில் எல் யுங்கே. அமெரிக்க தேசிய வனத் துறையின் கீழ் இருக்கிற ஒரே வெப்பமண்டல மழைக்காடு அது. காலை ஒன்பதுக்குள் போய்விட்டால் கூட்டம் இருக்காது. லா கோக்கா அருவியைச் சாலையிலிருந்தே பார்க்கலாம், யோகாஹு கோபுரத்தில் ஏறினால் கடல் வரை தெரியும். மழை பத்து நிமிடம் கொட்டும், நிற்கும், மறுபடி கொட்டும். அதற்குப் பயந்து திரும்ப வேண்டாம். மதியத்துக்கு மேல் கீழே இறங்கி லுக்கியோ கடற்கரை: வளைகுடா போல அமைதியான தண்ணீர், தென்னை மரங்கள், பக்கத்திலேயே வரிசையாகச் சுமார் 60 சாப்பாட்டுக் கடைகள்.

இப்போது நான் ஊரையும் தேதியையும் சேர்த்து உங்களுக்குப் பரிந்துரைப்பதற்கான உண்மையான காரணம். லுக்கியோவிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஃபஹார்தோ. அங்கே லகூனா கிராந்தே என்ற காயல். இரவில் துடுப்புப் போட்டால் தண்ணீர் ஒளிரும். அசைவு பட்டதும் மின்னுகிற நுண்ணுயிரிகள் அதில் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. அலையாத்திக் காட்டுக்கு நடுவே ஒரு ஒடுங்கிய கால்வாய் வழியாகக் கயாக்கில் வரிசையாகப் போக வேண்டும். இருட்டில் படகுகள் ஒன்றோடொன்று இடிக்கும், வேர்களில் மாட்டும், யாராவது கத்துவார்கள். காயலுக்குள் வந்ததும் கையைத் தண்ணீரில் விட்டு எடுத்தால் விரல்களிலிருந்து நீல வெளிச்சம் சொட்டும். போனில் சரியாகப் பதிவாகாது. டீன் வயதினருக்கு இந்தப் பயணத்தில் அதுவே நல்லது. இரண்டு பேர் கயாக்கில் அண்ணனையும் தங்கையையும் ஒன்றாகப் போட்டுவிடுங்கள், சண்டை போட்டுக்கொண்டே ஓட்டுவார்கள். ஒருவருக்கு 60 டாலரை ஒட்டி ஆகும். இறங்கிக் குளிக்க அனுமதி இல்லை. கொசு மருந்து பூசிய கையைத் தண்ணீரில் விடக் கூடாது என்பதால் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் நிலா வெளிச்சத்தில் இந்த ஒளி சரியாகத் தெரியாது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஈஸ்டர் என்பது மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. பல வருடங்களில் நம் பங்குனி உத்திரமும் அதே பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். ஆக, ஈஸ்டருக்கு முந்தின வாரம் விடுமுறை விடுகிற பள்ளிகளின் பிள்ளைகள் போவது முழுநிலவை ஒட்டிய நாட்களில். உங்களுக்கு ஈஸ்டருக்கு அடுத்த வாரம், தேய்பிறை. ஒவ்வொரு நாளும் நிலா ஏறக்குறைய 50 நிமிடம் தாமதித்து உதிக்கும். புதன், வியாழன் ஆகும்போது அந்தி சாய்ந்து நிலா வருவதற்குள் நல்ல இருட்டு கிடைக்கும். அதனால் ஞாயிறு, திங்களில் போட்டுவிடாமல் வாரத்தின் பின்பாதியில், மாலையின் முதல் பயணத்துக்குப் பதிவு செய்யுங்கள்.

அதே தேதியில் இன்னொரு லாபமும் இருக்கிறது. புனித வாரம் முழுக்கத் தீவு மக்களே கடற்கரையில்தான் இருப்பார்கள், அறை கிடைக்காது, சாலை நகராது. ஈஸ்டர் திங்களோடு அந்தக் கூட்டம் வேலைக்குத் திரும்பிவிடும். விமானத்தில் மட்டும் சனிக்கிழமை போய்ச் சனிக்கிழமை திரும்பும் யோசனையை விடுங்கள். திங்கள் அல்லது செவ்வாய் புறப்பட்டால் நாலு டிக்கெட்டில் மிச்சமாகும் பணம் கயாக்குக்குப் போதும்.

வியெகெஸ் தீவின் மொஸ்கிட்டோ விரிகுடா இதைவிட நன்றாக ஒளிரும் என்று படித்திருப்பீர்கள். படித்தது சரிதான். ஆனால் அங்கே ஓர் இரவு தங்க வேண்டும், வாடகைக் காரைப் படகில் ஏற்ற முடியாது. இந்தப் பட்ஜெட்டில், இத்தனை நாளில், ஃபஹார்தோ போதும். குலெப்ரா தீவின் ஃப்ளமெங்கோ கடற்கரைக்குச் சேய்பா துறைமுகத்திலிருந்து படகுக் கட்டணம் 2.25 டாலர்தான். விடியற்காலையில் எழுந்து ஓட உங்கள் பிள்ளைகள் சம்மதித்தால் போங்கள், டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். கடற்கரையில் கடற்படை விட்டுப்போன துருப்பிடித்த டாங்கிகள், மேலெல்லாம் வண்ணப் பூச்சு. மகன் அங்கே படம் எடுக்காமல் வர மாட்டான்.

சாப்பாடு. சைவத்துக்குக் கொஞ்சம் கவனம் வேண்டும், பட்டினி இல்லை. அரிசியும் பீன்ஸும் எங்கும் கிடைக்கும், ஆனால் பீன்ஸில் பன்றி இறைச்சித் துண்டு போட்டுச் சமைப்பது வழக்கம். மொஃபோங்கோ என்று வாழைக்காயைப் பொரித்துப் பூண்டோடு இடித்துத் தருவார்கள், அதிலும் பொரித்த பன்றித் தோல் கலந்திருக்கலாம். "சின் கார்னே, சின் ஹமோன்" என்று சொல்லிக் கேளுங்கள். அதைச் சொல்கிற வேலையை, பள்ளியில் ஸ்பானிஷ் படிக்கிற பிள்ளை யாரோ அவரிடம் விட்டுவிடுங்கள். டோஸ்டோனெஸ் என்பது தட்டிப் பொரித்த வாழைக்காய், அமரிய்யோஸ் என்பது இனிப்பான பழுத்த வாழைக்காய்ப் பொரியல். இரண்டுக்கும் நம் நாக்கு உடனே பழகிவிடும். காலையும் ஒரு வேளையும் அபார்ட்மென்ட்டில் சமைத்தால் செலவு பாதியாகும். வால்மார்ட், காஸ்ட்கோ இரண்டும் அங்கே உண்டு. பருப்புப் பொடி, ஊறுகாய், புளிக்காய்ச்சல் பெட்டியில் போட்டுப்போங்கள். திரும்பும்போது பழங்கள் எடுத்துவர நினைக்காதீர்கள். சான் ஹுவான் விமான நிலையத்தில் வேளாண் துறை எல்லாப் பெட்டியையும் சோதிக்கும், பல பழங்களுக்கு அனுமதி இல்லை.

மது அருந்தும் வயது அங்கே 18. உங்கள் மகனுக்கு 16 என்றாலும், தனியாக வெளியே விடும் முன் இதை அவனிடம் நேராகப் பேசிவிடுவது நல்லது.

செலவை என் கணக்கில் இப்படிப் போடுகிறேன்: விமானம் நாலு பேருக்கு 1400, ஆறு இரவு அபார்ட்மென்ட் வரியோடு 1300, மூன்று நாள் காரும் ஊபரும் சேர்ந்து 350, சாப்பாடு 600, கயாக் 250, மற்றது 100. சரியாக 4000-ஐத் தொடுகிறது, இழுத்துப் பிடித்தால் கொஞ்சம் மிஞ்சும். இதில் ஆட்டம் காணக்கூடியது விமானம் ஒன்றுதான். எனவே அதை முதலில் பாருங்கள், ரத்து செய்யக்கூடிய அபார்ட்மென்ட்டை அன்றே பிடித்துவையுங்கள், கயாக்கை மூன்றாவதாகப் பதிவு செய்யுங்கள்.

விமானம் ஒருவருக்கு 500 டாலரைத் தாண்டினால் புவேர்ட்டோ ரிக்கோவை மறந்துவிட்டு ஃபோர்ட் லாடர்டேலுக்கு மாறுங்கள். நெவார்க்கிலிருந்து நிறைய விமானங்கள், மயாமி பீச்சை விட அடங்கிய ஊர், தண்ணீரும் இறங்கக்கூடியது. கொஞ்ச தூரத்தில் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்கா, ஒரு காருக்கு 35 டாலர், முதலைகளை நடைபாதையில் நின்றே பார்க்கலாம். யாராவது வற்புறுத்தி ஒர்லாண்டோ பக்கம் இழுத்தால், தீம் பார்க்கை விட்டுவிட்டு வெக்கிவா ஊற்றுக்குப் போங்கள். காருக்கு 6 டாலர், வருடம் முழுக்க 22 டிகிரித் தண்ணீர். காலையில் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். கார்கள் நிறைந்ததும் வாசலை மூடிவிடுவார்கள்.